ஷிகுஷிகு

விண்ணப்பத்தில் ஒரு கட்டம்:
ஜப்பானில் படிக்க விரும்பும் காரணம்,
நானூறு எழுத்துக்குள்.
மொழித்திறனை மேம்படுத்த என்று எழுதி
அடித்து
மறுபடி அதையே எழுதியிருந்தேன்.

பெயருக்கான கட்டத்தில் ஏற்கெனவே தோற்றாயிற்று.
குழலி.
கட்டகானாவில் ழ இல்லை, ல இல்லை,
இரண்டும் ஒரே ரகரத்தில் போய் விழ
குராரி ஆனேன்.
யாரோ ஒரு குராரிக்கு
உதவித்தொகை கிடைத்தாலும் கிடைக்கலாம்.

இரவு இரண்டு மணி.
முனிர்க்காவில் என் மூன்றாம் மாடிக் கதவை
வீட்டுக்காரர் மகன் தட்டினான்.
உனக்கு ஜப்பானி தெரியுமே,
கீழே அந்தப் பொண்ணு.

கனாதே.
கனாக் காணாதே என்பதை யாரோ
அவசரத்தில் பாதி விழுங்கிச் சொன்னது போலப் பெயர்.
அகிதாவிலிருந்து ஒரு வருடம்
இந்தி படிக்க வந்தவள்.
நான் போக நினைக்கும் தூரத்தை
எதிர்ப்பக்கமிருந்து வந்து முடித்திருந்தாள்.
அதுவரை படிக்கட்டில்
அவள் நமஸ்தே, நான் கொன்னிச்சிவா,
அதோடு சரி.

ஆட்டோவில், ஜனவரிப் பனியில்,
என் தோளில் சாய்ந்துகொண்டு
எந்த மொழியிலும் பேசவில்லை.

அவசரப் பிரிவில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர்.
டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும்,
கழுத்தில் ஸ்டெதஸ்கோப்புக்கு மேல் மஃப்ளர்.
எப்படி வலிக்கிறது?
இத்தனை மாத இந்தியும் அவளை விட்டு
வழியிலேயே இறங்கிப் போயிருந்தது.
ஷிகுஷிகு, என்றாள்.

எனக்குத் தெரிந்த சொல்!
மூன்றாம் செமஸ்டர் புத்தகத்தில்
ஓரமாக ஒரு குழந்தை அழும் படம்.
அழுகிறாளாம், என்றேன்.
டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார்.
கண் காய்ந்திருந்தது.
அழவில்லையே.

கனாதே என் கையை எடுத்துத்
தொப்புளுக்குக் கீழே வைத்தாள்.
மறுபடி, மெல்ல, ஷிகு, ஷிகு.

நைநை.
கரூர் பஸ்ஸில் பின் சீட்டுக் குழந்தை
பசி இல்லை, தூக்கம் இல்லை, அடி படவில்லை,
ஆனாலும் குளித்தலை வரைக்கும் விடாமல்
நைநைன்னு அழுமே
அது, இவள் வயிற்றுக்குள்.

ஜப்பானியத்திலிருந்து தமிழுக்கு
ஒரே எட்டில் வந்த வலி
அங்கேயே நின்றுவிட்டது.
என் இந்தியைக் கவிழ்த்துத் தட்டினால்
ஆட்டோ பேரமும்
அரைக்கிலோ உருளைக்கிழங்கும்தான் விழுந்தன.
தேஜ் யா ஹல்கா? டாக்டரே எடுத்துக் கொடுத்தார்.
ஹல்கா.
லேசான வலி என்று எழுதிக்கொண்டார்.
நான் செய்த முதல் மொழிபெயர்ப்பு அது,
அரசாங்கச் சீட்டில் இருக்கிறது.

வாக்கியமாகவாவது இருக்கட்டும் என்று
ஹல்கா தர்த் ஹோதி ஹை, என்றேன்.
கண்ணைத் திறக்காமலே
ஹோதா, என்றாள் கனாதே.
வலி அங்கே ஆண்பால்.

நாலரைக்கு ட்ரிப் ஏறத் தொடங்கியது.
உன் பேர்?
குராரி.
இல்லை, நிஜப் பேர்.
நாக்கை உள்ளே மடித்து
எங்கேயும் படாமல் நிறுத்திக் காட்டினேன்.
பல் டாக்டர் மாதிரி எட்டிப் பார்த்தாள்.
குர
குய
குழ, கிட்டத்தட்ட.
அடுத்த எழுத்துக்குப் போகுமுன்
நாக்கு மடிந்தபடியே தூங்கிவிட்டாள்.

மாலை ஐந்துக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும்.
கட்டிலின் மறுபாதியிலிருந்த அம்மாள்
என்னைத் தொட்டு ஏதோ கேட்டார்.
போஜ்புரியாக இருக்கலாம், மைதிலியாக இருக்கலாம்.
கையில் காலி பாட்டில்.
வாங்கிக்கொண்டு
குழாய் எங்கே என்று தேடிப் போனேன்.